செவியன் கதையின் கடைசி நான்கு பக்கங்கள்

வாசகர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் இருந்தபோது அந்த வேலைக்கு நான் ஒருத்திதான். நீங்கள் வந்து பத்து நாள் ஆவதற்குள், "இந்த வாசகர்களுக்கு ஒன்றுமே புரிவதில்லை மேடம்" என்று உங்களில் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். யாரென்று காட்டிக்கொடுக்க மாட்டேன். திட்டவும் மாட்டேன். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை அச்சிலேயே போட்டு மூக்குடைந்தவள் நான். அந்தக் கதையை எழுதுகிறேன், டீ குடிக்கிற நேரத்தில் படியுங்கள்.

செவியனை உங்களுக்குத் தெரியும். அவன் படம் இப்போது அலுவலக வாசலில் தொங்குகிறது. அப்போது அவன் புதுசு. மாதம் ஒன்றாக ஐந்து பாகம், அத்தோடு கதை முடியும் என்று சொல்லி ஆரம்பித்த காமிக்ஸ் தொடர். காஞ்சிபுரத்தின் எந்தச் சந்தில் யார் கிசுகிசுத்தாலும் செவியன் காதில் விழுந்துவிடும். அதுதான் அவன் சக்தி, அதனால்தான் பாவம் அவனுக்குத் தூக்கமும் கிடையாது. கடைசிப் பாகத்தில், ஓசையாலேயே ஊரை இடித்துத் தள்ளும் ஓர் இயந்திரத்தை அவன் நிறுத்த வேண்டும். அத்தனை ஓசையையும் ஒருவன் தன் காதுக்குள் வாங்கிக்கொண்டால்தான் அது நிற்கும். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் செவியன் இரண்டு கையையும் அந்த இயந்திரத்தின் மேல் வைக்கிறான். பக்கம் முழுக்க வெளிச்சம்.

அதற்குப் பிறகு நான்கு பக்கங்கள். செவியன் கண் விழிக்கிறான். தெருவில் கருட சேவை. குடை ஆடுகிறது, நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறது, கூட்டம் வாயைத் திறந்து கத்துகிறது. ஒரு வார்த்தை கிடையாது. பேச்சுக் குமிழ் இல்லை, "டமார்" இல்லை, "ஓ" இல்லை. ஊரையே கேட்டவனுக்கு இனி எதுவும் கேட்காது. கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் அவன் கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்கிறாள். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு செவியன் சிரிக்கிறான். அவ்வளவுதான் முடிவு.

இதை எழுதி வரைந்தவள் வேதவல்லி. நாங்கள் வேதா என்போம். சின்னக் காஞ்சிபுரத்துப் பெண். கல்லூரி முடித்த கையோடு, தைத்த நோட்டுப் புத்தகத்தில் செவியனை வரைந்து எடுத்துக்கொண்டு எங்கள் படியேறியவள். அவள் அண்ணனுக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. வருடா வருடம் அவரோடு கருட சேவைக்குப் போகிறவள் அவள். "அண்ணா எப்படி பாக்கறானோ, அப்படி ஒரு நாலு பக்கம் ஊர் தெரியணும்க்கா" என்றாள். அந்தப் பக்கங்களில் பக்க எண் கூட வேண்டாம் என்று அடம்பிடித்தாள். கடைசியில் 'முற்றும்' போடவும் விடவில்லை. எண் என்றாலும் எழுத்துதானே, எழுத்தைப் பார்த்தால் மனசுக்குள் சத்தம் கேட்கும் என்றாள். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

புத்தகம் கடைக்குப் போனது. சந்தாதாரர்களுக்குத் தபாலில் போனது. மூன்றாம் நாளிலிருந்து வாட்ஸப்பில் ஆரம்பித்தது.

நல்லதாக ஒன்று வராதா என்று தேடினேன். "அஞ்சு மாசம் காக்க வச்சிட்டு அந்தரத்துல வுட்டுட்டீங்களேபா" என்று ஒரு குரல் பதிவு. "செவியன் செத்தானா இருக்குறானா? அதையாவது சொல்லித் தொலைங்க" என்று இன்னொன்று. 'முற்றும்' போடக்கூட மனமில்லையா என்று பலர். வெடிக்கிற இடத்தில் கதையை நிறுத்துவது இப்போது ஃபேஷனா என்று ஒரு வங்கி அதிகாரி நீளமாக மின்னஞ்சல் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. வசனம் இல்லாவிட்டால் படத்தைப் பார்த்துக் கதையைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதா? வேதா நான்கு பக்கத்துக்காக ஒரு மாதம் உட்கார்ந்தாளே, அதை ஒரு நிமிடம் நின்று பார்க்க மாட்டீர்களா? இப்படியே மனசுக்குள் வாசகர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஏனாத்தூர்ப் பக்கம் படிக்கிற ஒரு மாணவி எழுதினாள். "அட்டையில் 52 பக்கம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் எண்ணினேன், 48 தான் இருக்கிறது. மீதியைக் காணோமே" என்று. நம் ஊர்ப் பதிப்பாளர்கள் அட்டையின் நான்கு பக்கத்தையும் சேர்த்து எண்ணுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பத்தெட்டும் நாலும் ஐம்பத்திரண்டு. கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனால் அந்த இதழுக்கு மட்டும் அட்டையை நான் எண்ணவில்லை, உள்பக்கமே ஐம்பத்திரண்டு. போட்டவளே நான்தான், எனக்கே மறந்துவிட்டது. அடுத்த இதழின் வாசகர் பக்கத்தில் அவள் கடிதத்தைப் பெயரோடு போட்டு, கீழே பதிலும் போட்டேன்: "பக்கத்தை எண்ணியது போதும் தங்கையே. இனி கதையையும் கொஞ்சம் படித்துப் பாருங்கள். வாசகர்கள் புரிந்துகொள்ள முயல்வதே இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம்."

அந்தப் பதிலை எழுதிவிட்டு நானே ரசித்து இரண்டு முறை படித்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

முதலாளி கதை படிக்க மாட்டார், கடிதம் மட்டும்தான் படிப்பார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு வாசகர் சொல் வேதவாக்கு. என்னையும் வேதாவையும் கூப்பிட்டார்.

"எல்லாரும் ஒண்ணையே சொல்லிக்கினு இருக்காங்கம்மா. முடிவு சரியில்ல. அஞ்சு பாகத்தையும் சேத்து ஒரே புக்கா போடப் போறோம் இல்ல? அதுல முடிவை மாத்திடு. செவியன் எழுந்து வரட்டும், ஒரு சண்டை போடட்டும், நாலு வார்த்தை பேசட்டும்."

"அவனுக்குக் காது கேக்காது சார்" என்றாள் வேதா.

"கேக்க வச்சிடும்மா. உன் கையிலதான இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்காகப் பேசினேன், ஆனால் என் கையில் என்ன இருந்தது? கட்டுக்கட்டாக எதிர்ப்புக் கடிதங்கள். வேதா சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் போனில் சரியாகப் பேசுவதில்லை. புது முடிவை வரைகிறேன் என்பாள், வைத்துவிடுவாள்.

மூன்று வாரம் கழித்துத் தாமலிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஏழுமலை. விவசாயக் குடும்பம், அந்த ஊர் வார்டு மெம்பர். கட்சிக் கூட்டத்துக்குப் போனாலும் பைக்குள் ஒரு காமிக்ஸ் இருக்கும் என்று எப்போதோ எழுதியிருந்தார். அட்டையில் பொடி எழுத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

"ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். செவியன் முடிவு மாதிரி ஒண்ணு நான் படிச்சதே இல்லை. அதுவும் கடைசி நாலு பக்கத்தைப் புத்தகத்துக்குள்ள வைக்காம, புத்தகத்தைச் சுத்தி அனுப்புற காகிதமா போட்டீங்க பாருங்க, அந்த யோசனைக்கே ஒரு கும்பிடு. எங்க வீட்டம்மா அலமாரித் தட்டுல விரிக்கக் காகிதம் கேக்கும்னு நான் எப்பவும் கிழிக்காம பிரிப்பேன். வீட்டம்மா அதை விரிச்சு வச்சு, மறுநாள் நான் சோறு போட்டுக்கப் போகும்போதுதான் பார்த்தேன். நின்னுக்கினே சாப்பிட்டேன். ஒரே ஒரு குறை. என் விலாசச் சீட்டைச் செவியன் முகத்து மேல ஒட்டிட்டீங்க. பிரிச்சா கிழியுது. அவன் சிரிக்கிறானா அழுவுறானா? தயவுசெய்து எழுதவும்."

அட்டையை இரண்டு முறை படித்தேன். பிறகு அலமாரியிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்தேன். அச்சாகி வந்த அந்தப் புத்தகத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்தெட்டாம் பக்கம், வெளிச்சம். புரட்டினால் பின்னட்டை. அடுத்த புத்தகம், அதுவும் அப்படியே. அலமாரியில் இருந்த அத்தனையும் அப்படியே.

எனக்கு முன்னால் வாசகர் பக்கம் பார்த்தவர் ஒரு பெரியவர். எந்தக் கடிதத்தைப் படித்தாலும் இடது கைப்பக்கம் அந்த இதழை விரித்து வைத்துக்கொண்டுதான் படிப்பார். வாசகர் ஒரு பக்கத்தைச் சொன்னால் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். நாமே மெய்ப்பு பார்த்த புத்தகம், வரி வரியாக மனப்பாடம், இதை எதற்குத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவர் போன பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். என் நினைவில் இருந்தது கருட சேவையில் முடிகிற கதை. வாசகர் கையில் இருந்தது அந்த வெளிச்சத்தோடு நின்றுபோன புத்தகம். இத்தனை நாளாக வேறு வேறு புத்தகத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம்.

பைண்டிங் பகுதிக்கு ஓடினேன். அங்கே தலைமை சரோஜாம்மா. தாள் மடிப்பது, அடுக்குவது, தபாலுக்குச் சுற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அட்டையைப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"எழுத்தில்லாத ஷீட்டு வந்தா அது கலர் பாக்க ஓட்டினது, வேஸ்ட்டுல போடுன்னு யாரும்மா சொன்னது? நீதான! ஒரு தபா வெறும் படத்தை உள்ள வச்சித் தைச்சிட்டோம்னு அன்னிக்கு என்னா குதி குதிச்ச!"

உண்மை. எழுத்து ஏற்றுவதற்கு முன்னால் நிறம் சரியாக வருகிறதா என்று சில தாள்கள் ஓட்டிப் பார்ப்போம். அவற்றில் படம் மட்டும் இருக்கும். பல வருடம் முன்பு அப்படிப்பட்ட தாள்கள் ஒரு புத்தகத்துக்குள் போய்விட, நான்தான் கத்தி ஆர்ப்பாட்டம் செய்து அந்தச் சட்டத்தைப் போட்டேன்.

"இத்தனை கட்டு இருந்ததே சரோஜாம்மா, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"மொத்தமும் நெறம் கெட்டுப்போச்சின்னு நெனைச்சேன். பக்க நம்பரும் இல்ல, முற்றும்னும் இல்ல. நல்ல காயிதமா இருக்குதே, சுத்தி அனுப்பலாம்னு சுத்திட்டோம். கடைக்குப் போற கட்டுக்கும் அதான்."

வேதாவின் முடிவு புத்தகத்தோடு எல்லா ஊருக்கும் போய்த்தான் இருந்தது. கடைக்காரர்கள் கட்டைப் பிரித்து எறிந்தார்கள், சந்தாதாரர்கள் உறையைக் கிழித்து எறிந்தார்கள். தாமலில் ஓர் அலமாரித் தட்டில் மட்டும் அது பிழைத்திருந்தது.

அடுத்து யாரிடம் சொல்வது? பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முறைப்படி முதலாளியிடம்தான் போக வேண்டும். ஆனால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும், புது முடிவு வருகிறதே, அதோடு போகட்டும் என்பார். அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் வேதாவிடம் போனால் அவர் பேச்சை மீறியவள் ஆவேன். போகாவிட்டால், தான் வரைந்த முடிவு தோற்றுவிட்டது என்று அந்தப் பெண் ஆயுசுக்கும் நம்பிக்கொண்டிருப்பாள். கைப்பையை எடுத்தேன், ஷேர் ஆட்டோவில் ஏறிச் சின்னக் காஞ்சிபுரம் போய்விட்டேன்.

வேதா மேசையில் புது முடிவு கிடந்தது. ஏழு பக்கம். செவியன் பறக்கிறான், உதைக்கிறான், மூச்சுவிடாமல் பேசுகிறான். நன்றாகத்தான் வரைந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையால் மறைத்தாள்.

நான் உட்காரக்கூட இல்லை. "வேதா, உன் கடைசி நாலு பக்கத்தை யாரும் படிக்கல. புத்தகத்துல அது இல்லவே இல்ல. தப்பு நம்ம கிட்ட" என்று மூச்சுமுட்டச் சொன்னேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவள் ஏழுமலையின் அட்டையை வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே அழுதாள்.

"நான் மூணு வாரமா இதை வரைஞ்சிண்டிருக்கேன்க்கா. அண்ணா வந்து பாத்துட்டு, இவனுக்கு ஏன் காதைத் திருப்பிக் குடுத்தேன்னு கையால கேட்டான். படிச்சவாளுக்குப் பிடிக்கலைன்னு சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "புஸ்தகத்தை ஒரே ஒரு தடவை திறந்து பாத்திருக்கக் கூடாதா நீங்க?"

"பாத்திருக்கணும்."

"நானும் திறக்கல" என்றாள், அஞ்சலட்டையை மேசையில் வைத்தபடி. "அச்சுல வந்தா தப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்னு பயம்."

அவள் வீட்டு வாசலிலிருந்தே ஏழுமலைக்குப் போன் போட்டேன். "செவியன் சிரிக்கிறான்ங்க" என்றேன். "அப்படிப் போடு!" என்று அவர் கத்தியது வேதாவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் முதலாளி, நான் எதிர்பார்த்ததையே சொன்னார். "ஒருத்தருக்குத்தான தெரியும்? அவரு கூட நம்ம யோசனைன்னு கும்பிடுறாரு. அப்படியே வுட்டுட்டா என்னம்மா? வெளிய சொன்னா நம்மளப் பாத்து ஊரே சிரிக்கும்."

"வாசகர் சொல்றதைக் கேக்கணும்னு நீங்கதான சார் சொல்வீங்க? அவங்க இன்னும் எதுவும் சொல்லவே இல்ல. முடிவைப் படிச்சாத்தான சொல்லுவாங்க? படிச்சிட்டும் வேணாம்னு சொல்லட்டும், வேதா புதுசா வரைஞ்சதைப் போட்டுக்கலாம். அவகிட்ட பேசிட்டேன், ஒத்துக்கிட்டா."

வேதாவிடம் போனேன் என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் தானே வந்து, "மன்னிப்புன்னு போடும்போது உன் பேரைப் போட்டுக்கோ, அச்சகத்து பேரை இழுக்காத" என்றார். நானும் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். சரோஜாம்மாவைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. சட்டம் போட்டவள் நான், புத்தகத்தைத் திறக்காதவளும் நான். ஏனாத்தூர் மாணவியிடம் அதிலேயே தனிப் பத்தியில், பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் எண்ணியதுதான் சரி, நான் எழுதியது திமிர் என்று அச்சில் போட்டேன்.

நான்கு பக்கங்களையும் மறுபடி அச்சடித்து, அடுத்த இதழுக்குள் தனித் தாளாக மடித்து வைத்தோம். ஒவ்வொரு புத்தகத்திலும் சரோஜாம்மாவின் ஆட்கள் கையாலேயே செருகினார்கள். முதல் கட்டை எடுத்தபோது அவர் என்னைக் கூப்பிட்டு, "இதும்மேல இனிமே எழுத்து ஒண்ணும் வராதில்ல? நல்லா யோசிச்சி சொல்லு" என்றார். வராது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

பிறகு வந்த கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடது பக்கம் இதழ், அதன் மேல் அந்தத் தாள், வலது பக்கம் கடிதம் என்று வைத்துக்கொண்டு படித்தேன். பலருக்குப் பிடித்திருந்தது. கூரத்திலிருந்து ஒருவர், நாதஸ்வரக்காரர் வாசிப்பது என்ன ராகம் என்று தனக்குத் தெரியும் என்று எழுதி, அந்த ராகத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். வங்கி அதிகாரி மூன்றே வரியில் "முன்பு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார். ஒருவர், தனக்கு வந்த தாளில் எழுத்து அச்சாகவில்லை, வேறு தாள் அனுப்பவும் என்று கேட்டிருந்தார். அவருக்கு வேதாவே பொறுமையாகப் போன் பண்ணிப் பேசினாள்.

முதலாளி எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தார். "சரி, முடிவு இதுவே இருக்கட்டும்" என்றார். அந்த மட்டில் விஷயம் முடிந்தது, எனக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. ஆனால் ஏனாத்தூரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அச்சில் நான் குத்தியது அந்தப் பெண்ணுக்கு வலித்திருக்கும், இனி எழுத மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் எழுதினாள். இரண்டு பக்கம். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நான்கு பக்கத்தையும் படித்துவிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை" என்றுதான் தொடங்கியது. "ஊருக்காக இவ்வளவு செய்தவனுக்குக் காது திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். அந்தச் சின்னப் பெண் என்ன சொன்னாள் என்று அவனுக்கு மட்டும் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. இது அநியாயம். இரண்டாம் பக்கத்தில் குடை ஆடுகிற படத்தில் அவன் நிமிர்ந்து பார்க்கிறானே, அங்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காகவும் உங்கள் எழுத்தாளர் மேல் கோபமாக இருக்கிறேன்" என்று படம் படமாகச் சொல்லிச் சண்டை போட்டிருந்தாள்.

அதைக் கீழே பதில் எதுவும் இல்லாமல், முழுதாக, முதல் கடிதமாகப் போட்டேன். அச்சுக்குப் போவதற்கு முன் வேதாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இவ்வளவு காட்டமாக இருக்கிறதே, மனசு உடைந்துவிடுவாளோ என்று கொஞ்சம் பயம்தான். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. பின்னால் ஏதோ தட்டும் சத்தம், அவளுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"அக்கா, அண்ணாகிட்ட காமிச்சேன், அவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறான்" என்றாள். "இவ நாலு பக்கத்தையும் பாத்துட்டுத் திட்டறாக்கா! என் முடிவைத் திட்டறா!"